மூலைக் கண்ணாடியும் ஒரு பென்சில் குறியும்

என்னை யாராவது "பொம்மை செய்தவர்" என்று அறிமுகப்படுத்தினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். குழந்தை விளையாடிவிட்டுத் தூக்கிப் போடுவதற்குப் பெயர் பொம்மை. நான் செய்தவை உருவங்கள், கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள். எந்தப் பட்டாளம், எந்தக் காலம், சட்டைக்கு எத்தனை பொத்தான், காலில் செருப்பா வெறுங்காலா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படி முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். என் மனைவி இதற்குப் "பட்டாளத்துக் கோபம்" என்று பெயர் வைத்திருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும்.

போன மாதம் தரமணியில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் உருவம் வரைந்து, அதை மெஷினிலேயே அச்சடித்து எடுக்கிறார்கள். அதற்குப் பொறுப்பாக இருக்கும் நிவேதா என்ற பெண் என் நம்பரை எங்கிருந்தோ பிடித்து, "ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க சார், ப்ளீஸ்" என்று கூப்பிட்டிருந்தாள். திரையில் ஒரு பழைய மதராஸ் சிப்பாய் நின்றான். நன்றாகவே இருந்தான். பொய் சொல்லக் கூடாது, மூக்கும் முழியும் எனக்கே அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

"இதே ஆள் அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்னா ரொம்ப ஈஸி சார். மிரர் பண்ணிட்டா போதும்" என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். சிப்பாய் சட்டென்று கை மாறினான்.

"அம்மா, அதை மட்டும் தொடாதே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்த ஹாலில் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் சார்?" என்று கேட்டாள். நின்றபடி சொல்கிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் தொழில் பழகியது கோடம்பாக்கத்தில். ஒரு ஸ்டுடியோவில் மினியேச்சர் செட் போடும் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். இடுப்பு உயரத்துக்கு அரண்மனை கட்டுவோம், கேமரா ஓடும்போது நாங்களே கொளுத்துவோம். அந்தப் பிரிவை மூடினார்கள். கட்டியதை எரிக்காத இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடியபோது மயிலாப்பூரில் சரோஜினி மேடத்தின் பட்டறை கிடைத்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

மேடம் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கும் யுத்தத்தை மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள் என்று சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டு, லஸ் பக்கத்தில் ஒரு சந்தில் மாடியை வாடகைக்கு எடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்க்களத்தை மண், மரம், மனிதன், புகை என்று அப்படியே நிறுத்திக் காட்டும் டயோரமாக்கள்தான் அங்கே வேலை. நான் உருவம் பிடிப்பேன். ராயப்பேட்டை ஏகாம்பரம் அதற்கு ரப்பர் அச்சு எடுத்து ஈயக் கலவையை உருக்கி ஊற்றுவான். வண்ணம் தீட்ட என்னோடு இரண்டு பெண்கள்.

மேடம் ஒரு உருவத்தையும் விரலால் தொட்டதில்லை. ஒவ்வொரு அச்சுக்கும் நான் முதல் உருவத்தைப் பிடித்து முடித்ததும் ஒரு சின்ன மரக்கட்டையில் பொருத்தி அவர் மேஜையில் வைக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையிலிருக்கும் பென்சில் முனையால் கட்டையைத் தள்ளித் தள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றுவார். பேச மாட்டார். மாடிக்குக் கீழே ஆட்டோக்காரர்கள் போடும் சண்டை முழுவதும் நமக்குக் காதில் விழும். கடைசியில் ஒரே கேள்வி வரும்.

"சபாபதி, இவன் இதுக்கு முன்னாடி என்ன பண்ணிண்டிருந்தான்?"

ஓடி வந்தவன் என்றால் மூச்சு எங்கே தெரிகிறது? காலையிலிருந்து நிற்பவன் என்றால் எந்தக் காலில் பாரம்? பதில் என்னிடம் இருந்தால், உருவத்திலும் அது இருந்தால், கட்டையைக் கவிழ்த்து அடியில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போடுவார். அந்தக் குறி இல்லாமல் எந்த உருவமும் அச்சுக்குப் போகாது. பட்டறையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அந்தப் பென்சிலையும் அவரே பிளேடால் சீவுவார். இடது கைக்காரர். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்தும் மாற்ற முடியவில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

நான் உருவம் பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கம்பியில் எலும்பு. அதன் மேல் எபாக்சி களிமண்ணில் வெற்றுடம்பு. அதற்கப்புறம்தான் சட்டை, பட்டை, தலைப்பாகை. உடம்பு சரியில்லாதவனுக்கு உடுப்பு மாட்டினால் மூட்டைக்குச் சட்டை போட்டது போல இருக்கும். உடம்பின் நிலை சரியாக வர, சிப்பாய் எப்படி நிற்பானோ அப்படி நானே துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பேன். மார்பில் எங்கே மடிப்பு விழுகிறது, எந்தத் தோள் ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன்.

அங்கேதான் சிக்கல். கண்ணாடியில் தெரியும் ஆளுக்கு இடம் வலமாகும், வலம் இடமாகும். நான் வலது கையைத் தூக்கினால் எதிரே நிற்பவன் இடது கையைத் தூக்குவான். இதற்கு மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு கண்ணாடிகளைச் சுவர் மூலையில் இருப்பது போலச் செங்கோணமாக நிறுத்தி, அந்த மூலையைப் பார்த்து நின்றால் நாம் உள்ளபடியே தெரிவோம். வலது வலதாகவே இருக்கும். நம்பாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையை இடித்துக் கட்டும்போது, துணி போட்டுப் பார்க்கும் அறைக் கண்ணாடிகளைக் கழித்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஏகாம்பரமும் போனோம். கடைக்கார அண்ணாச்சி, "எடுத்துக்கிடுங்க. ஆனா ஒத்தையா தர மாட்டேன். ஜோடியா வந்தது, ஜோடியாத்தான் போகணும்" என்றார். பட்டறையில் அதற்கு மூலைக் கண்ணாடி என்று பெயர் விழுந்தது. பதினொரு வருடம் அதைப் பார்த்தே செய்தேன். கண்ணாடியில் தெரிவதை யோசிக்காமல் அப்படியே பிடிப்பது என் கைக்குப் பழகிப்போனது.

பிறகு அந்தக் கோட்டைச் சண்டை வேலை வந்தது. ஒரு பட்டாளத்தின் நினைவுக் கூடத்துக்கு, மதராஸ் சிப்பாய்கள் கோட்டைச் சுவரை நோக்கிச் சுடும் காட்சி. மொத்தம் நூற்று நாற்பது உருவங்கள். எங்கள் பட்டறைக்கு அதுவரை வந்ததிலேயே பெரியது. திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. இது நன்றாக அமைந்தால் அடுத்து நாலு கூடங்களின் வேலையும் எங்களுக்கே என்று பொறுப்பில் இருந்த மேஜர் சொல்லியிருந்தார். கெட்டால் பட்டறையின் பெயர் கெடும். பட்டறையின் பெயர் என்றால் மேடத்தின் பெயர்.

பாதி வேலையில் மேடத்துக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் ஆனது. மூன்று வாரம் வீட்டை விட்டு வரக்கூடாது, எதையும் உற்றுப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் கட்டளை. அவர் போன இரண்டாம் நாள் ஏகாம்பரம் பிளாஸ்டர் மூட்டையைத் தோளில் போட்டுத் திரும்பியதில் மூலைக் கண்ணாடியின் ஒரு பக்கம் சிதறியது.

"ஒண்ணு கீதுல்ல நைனா, அத்த வச்சினு ஓட்டு" என்றான்.

ஓட்டினேன். அப்போது பாக்கி இருந்தது ஒரே ஒரு நிலைதான். இரண்டாவது வரிசையில் நின்று துப்பாக்கிக்கு மருந்து இடிப்பவன். துப்பாக்கியை இடது கையில் செங்குத்தாகப் பிடித்து, வலது கையால் இரும்புக் கம்பியைக் குழாய்க்குள் இறக்குவான். முழங்கை வெளியே தள்ளி நிற்கும். அந்த ஒரு அச்சில் முப்பத்தாறு பேர் வர வேண்டும். ஒற்றைக் கண்ணாடி முன்னால் துடைப்பத்தோடு நின்றேன். மாற்றிப் பிடிக்க வேண்டும் என்று முதல் நாள் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. நாலாம் நாள் உருவம் முடிந்தபோது அந்த நினைவு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. கண்ணில் பட்டதை அப்படியே செய்து வைத்திருந்தேன்.

அச்சுக்குப் போக மேடத்தின் குறி வேண்டும். அவருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கண்ணில் கட்டோடு இருப்பவரைத் தொந்தரவு செய்வானேன், பதினொரு வருடமாக என் உருவத்தை அவர் திருப்பி அனுப்பியது எத்தனை தடவை என்று ஒரு திமிர். அவர் பென்சில் மேஜையில்தான் இருந்தது. கட்டையைக் கவிழ்த்து நானே ஒரு டிக் போட்டு ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை மேடத்தின் குறிக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

முப்பத்தாறு பேரும் வார்ப்பாகி வந்தார்கள். தீட்டியும் முடித்தோம். இத்தனை பேர் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று கேட்பீர்கள். நாங்கள் ஆளாகப் பார்த்துத் தீட்டுவதில்லை. ஒரு நாள் முப்பத்தாறு முகம், மறுநாள் முப்பத்தாறு சட்டை, அதற்கடுத்த நாள் பொத்தான். மார்பில் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகள் இரண்டும் பெருக்கல் குறி மாதிரி. எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். மேடமும் கட்டு அவிழ்த்து வந்து உருவங்கள் அடுக்கிய தட்டுகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நானும் ஏகாம்பரமும் பட்டறையில் களப்பலகை மேல் வரிசைகளை நிறுத்திக்கொண்டிருந்தோம். இரண்டாவது வரிசையின் இடது ஓரத்தில், வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அவல்தார் நிற்க வேண்டும். அவன் பழைய அச்சு, வலது கையை இடுப்பில் ஊன்றியவன். அவன் அங்கே நிற்கவே மாட்டேன் என்றான்.

"இன்னா நைனா இது, பக்கத்துல கீறவன் முழங்கையும் இவன் முழங்கையும் இடிச்சிக்கிது. மார்க்கெட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறானுங்க."

இடிக்கக்கூடாது. மருந்து இடிப்பவனின் முழங்கை வலப்பக்கம்தானே போகும்? நான் எழுந்து, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, சிப்பாய்களுக்குப் பக்கத்தில் அவர்கள் பார்க்கும் திசையிலேயே பார்த்து நின்றேன். என் வலது முழங்கை ஒரு பக்கம் போனது. முப்பத்தாறு பேரின் முழங்கையும் மறுபக்கம் போயிருந்தது. தோட்டாப் பை வலது இடுப்பில் தொங்க வேண்டியது, முப்பத்தாறு பேருக்கும் இடது இடுப்பில். அந்தக் காலப் பட்டாளத்தில் இடது கைச் சிப்பாய் ஒருவன்கூடக் கிடையாது. வரிசையில் நெருக்கி நிற்கையில் ஒருவன் கை மாறினால் பக்கத்தில் இருப்பவனுக்கு ஆபத்து என்று அடித்துப் பழக்கியிருப்பார்கள். நான் ஒரு வரிசையையே இடது கைக்காரர்களாக நிறுத்தியிருந்தேன். துடைப்பத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஏகாம்பரத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அரத்தை எடுத்தான்.

"அவல்தார் முழங்கைய லைட்டா ராவிட்டா உள்ள பூந்துக்குவான். யாருக்குத் தெரியப் போவுது? பெல்ட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கீது. நீயும் நானும் வாயத் தொறக்காம இருந்தா முடிஞ்சிது."

ஆசையாகத்தான் இருந்தது. மறைத்தால் அது இரண்டாவது பொய்க்குறி. சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும், கை மாறியதையும் கட்டைக்கு அடியில் நான் போட்ட டிக்கையும். ஆனால் அந்தக் கூடத்துக்கு வரப்போகிறவர்கள் துப்பாக்கி பிடித்தவர்கள். அவர்களில் ஒருவர் பேரனுக்கு விரல் நீட்டி, "செஞ்சவனுக்கு இதுகூடத் தெரியலை பாரு" என்று சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். அரத்தை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, முதல் உருவத்தைக் கட்டையோடு எடுத்துக்கொண்டு மேடத்தின் மேஜைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி உடைந்ததிலிருந்து ஆரம்பித்து, குறி வரைக்கும். மேடம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. கட்டையைச் சுற்றவும் இல்லை. கவிழ்த்து, அடியிலிருந்த டிக்கைப் பார்த்தார்.

"இது என் குறி இல்லைன்னு வந்த அன்னிக்கே தெரியும் சபாபதி. என்னோடது இடது கைக்குறி, இப்படிச் சாயும். இது அந்தப் பக்கம் சாயறது."

கையைக் கவனிக்காமல் விட்டது அது இரண்டாவது தடவை. "அப்பவே ஏன் மேடம் கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்றேளான்னு பார்த்துண்டிருந்தேன்." உருவத்தைப் பார்த்தார். "குறி பொய்யின்னதும் ஆளை ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் படலை. சகஜமா நிக்கறானேன்னுதான் தோணித்து. ஏன்னு இப்பதான் புரியறது." பென்சில் பிடித்திருந்த தன் இடது கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இதுல பாதித் தப்பு என்னோடது. கிளம்புங்கோ, மேஜரைப் பார்த்துட்டு வருவோம்."

மேஜர் நல்ல மனிதர். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, காபி சொல்லி, முழுவதையும் கேட்டார். "மேடம், வர்றவங்களுக்கு இது தெரியவா போகுது? விட்டுடுங்க. தேதியை மாத்த முடியாது" என்றார்.

"தேதியை மாத்தச் சொல்லலை. தப்பு எங்களோடதுன்னு சொல்ல வந்தோம். வரவா எல்லாரும் சிப்பாய்கள், அவாளுக்குத் தெரியும்" என்றார் மேடம். எங்களோடது என்றாரே தவிர, என் பெயரை அங்கே சொல்லவில்லை. வெளியே வந்து ஆட்டோ ஏறும் வரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. புது உருவத்தை இரண்டரை நாளில் பிடித்தேன். கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஏகாம்பரத்தைத் துடைப்பத்தோடு எதிரே நிறுத்தினேன். "கால் மரத்துப் போச்சு நைனா, சம்பளம் ஏத்தச் சொல்லு" என்று புலம்பிக்கொண்டே இரண்டு நாளும் நின்றான். மேடம் பென்சில் முனையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், இந்த முறை பக்கத்தில் என்னையும் அதே மாதிரி நிற்க வைத்து. குறி போட்டார். மூன்றாம் நாள் அச்சு. பழைய முப்பத்தாறு பேரின் வண்ணத்தைச் சுரண்டி, அந்த ஈயத்தையே உருக்கிப் புது ஆட்களை ஊற்றினான் ஏகாம்பரம்.

டியூப் லைட்டில் சிவப்பு பொய் சொல்லும் என்பதால் எங்கள் பட்டறையில் வெயில் போனால் தூரிகையைக் கழுவிவிட வேண்டும். இந்த நெருக்கடியிலும் மேடம் அதைத் தளர்த்தவில்லை. காலை ஆறு மணிக்கே எல்லோரும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவோம். சட்டைகளுக்கு ஒரே சிவப்பு கூடாது. ஒரே துணிச் சுருளில் வெட்டித் தைத்த சட்டையானாலும் ஒருவன் கல்லில் அடித்துத் துவைப்பான், ஒருவன் மழையில் படுத்து எழுந்திருப்பான். ஆகவே புதுச் சிவப்பு, வெளுத்த சிவப்பு, செங்கல் பொடி படிந்த சிவப்பு என்று ஆளுக்கு ஆள் மாற்றினோம். ஐந்தாம் நாள் மேடமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தோட்டாப் பை எல்லாம் என் கணக்கு" என்றார். ஒவ்வொரு சிப்பாயையும் விரலால் எடுத்து, வலது இடுப்பைத் தேடி, இடது கையால் தீட்டினார். ஒரு உருவத்தை அவர் தொட்டு நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

விழாவுக்கு முதல் நாள் மாலை கண்ணாடிப் பெட்டியை மூடினோம். மறுநாள் கைத்தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர், பழைய சுபேதாராம், கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து இரண்டாவது வரிசையை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார். நான் அவர் பின்னாலேயே நின்றேன். நிமிர்ந்து, தன் வலது கையால் காற்றில் கம்பியை இடிப்பது போலச் செய்து பார்த்துக்கொண்டார். "டிரில் சரியா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு எத்தனையோ பேர் சால்வை போட்டிருக்கிறார்கள். அவை பீரோவில் இருக்கின்றன. இந்த மூன்று சொல்லை நான் வைத்திருக்கும் இடம் வேறு. அந்த நாலு கூடங்களின் வேலையும் எங்களுக்கே வந்தது.

ஏகாம்பரம் குடும்பம் பிற்பாடு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குப் போனது. ஒரு நாள் போனேன். டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய், இடது கையில் கம்பியோடு. முப்பத்தாறும் உருகிவிட்டதாகத்தானே சொன்னான் என்று அவனைப் பார்த்தேன். "முப்பத்தஞ்சுதான் உருக்குனேன். ஒருத்தன் தப்பிச்சிட்டான்" என்று சிரித்தான்.

மேடம் ஓய்வெடுத்துக்கொண்ட நாளில் பட்டறை சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்த அந்தப் பென்சிலையும். குறியைப் பற்றி அந்த ஒரு நாளுக்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை.

"இனிமே நீங்கதான் குறி போடணும். என்னோடது மாதிரி போடாதேங்கோ. உங்களோடதா போடுங்கோ" என்றார்.

நானும் அந்த இடத்தில் பதினாலு வருடம் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றேன். இதுவரை எழுதியதைப் போன வாரமே நிவேதாவுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று மறுபடி கூப்பிட்டிருந்தாள். அச்சடித்து எடுத்த சிப்பாயை ஒரு கட்டையில் பொருத்தி மேஜையில் வைத்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவளாகவே எழுந்து, ஹாலின் நடுவில், ஒரு நீளக் குடையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். அவள் முழங்கையும் அவன் முழங்கையும் ஒரே பக்கம் போயின.

"ஓகேவா சார்? அப்ரூவ் பண்ணிடலாமா?" என்றாள், திரையில் இருந்த பொத்தானைக் காட்டி.

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். கட்டையைக் கவிழ்த்து அடியில் ஒரு டிக் போட்டேன். என்னுடையது வலது கைக் குறி, அந்தப் பக்கம்தான் சாயும்.